கிணற்றுக்குள் இறங்கிய வெயில்

ஒரு வெளிச்சத் துண்டு கிணற்றுச் சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கருங்கல் கட்டின் விளிம்பைத் தொட்டு, கல்லிடுக்கில் முளைத்த அரசங்கன்றின் இலைகளை ஒரு கணம் பொன்னிறமாக்கி, புறா அடையும் பொந்தை எட்டிப் பார்த்துவிட்டு, பாசிப் படிகளின் வழியே கீழே போகிறது. தண்ணீரைத் தொட்டதும் அதில் கொஞ்சம் திரும்பி எழுந்து எதிர்ச்சுவரில் நடுங்குகிறது. மீதி தண்ணீருக்குள் நுழைந்து, பச்சையாகி, ஆழத்தைத் தடவிக்கொண்டு நகர்கிறது. மேலே, விளிம்பில் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் ஒரு கண்ணாடியைப் பிடித்தபடி என் மதினி குனிந்திருக்கிறார். மதினியை நினைத்தால் எனக்கு முதலில் இந்த வெளிச்சம்தான் வருகிறது. முகம் அப்புறம்தான். இன்றைக்கும் தேனியில் என் வீட்டு வாசலில் யாராவது மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது, அதன் கண்ணாடியில் பட்ட வெயில் என் கூடத்துச் சுவரில் ஒரு ஓட்டம் ஓடி மறைந்தால், கையில் இருக்கிற காப்பியை வைத்துவிட்டு அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மதினி கெங்குவார்பட்டியிலிருந்து அனுமந்தன்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவர். என் அண்ணனுக்குத் திராட்சைப் பந்தலும் கொஞ்சம் நெல்வயலும் இருந்தன. எழுபதுகளின் தொடக்கம் அது. நான் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியாராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சைக்கிளில் போய் வருவேன். மதினியின் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய ஒரே தங்கையும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மதினி அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இரண்டு பேரும் ஒரே அச்சு. அதே அகன்ற நெற்றி, அதே உள்வாங்கிய கண்கள். வரப்பில் தூரத்தில் வரும்போது நடையை வைத்துத்தான் யாரென்று சொல்ல முடியும். மதினி விறுவிறுவென்று வருவார். சின்னவள் நின்று நின்று, எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவாள்.

அவளை எனக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பது மதினியின் ஆசை. தங்கை ஆயுசுக்கும் தன்னோடு ஒரே வீட்டில் இருப்பாள் என்ற கணக்கு. அண்ணன் என்னைக் கேட்டார். நான் சரி என்றேன். மரியாதைக்காகச் சொன்ன சரி இல்லை அது. சொல்லிவிட்டு அன்றைக்கு உத்தமபாளையம் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். சின்னவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேணும் என்றும் சொல்லவில்லை. பாக்கு வெற்றிலை மாற்ற நாள் குறிக்கிற சமயம் வந்தபோது மதினிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் நான் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மதினியின் சத்தம் கேட்டது.

"அவுகளுக்கு என்னடி கொறச்சல்? இந்தச் சம்பந்தம் வேணாம்னா போயி கெணத்துல விழு."

எங்கள் பக்கத்தில் வாய்க்கு வாய் வருகிற ஏச்சுதான் இது. பிள்ளை சோறு உண்ணாவிட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சின்னவள் பதில் பேசியது எனக்கு லேசாகக் கேட்டது. "சரிக்கா" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனவள் திரும்பவில்லை. தோட்டத்துக் கிணற்றின் விளிம்பில் குடம் மட்டும் நின்றிருந்தது, கவிழாமல், யாரோ நிதானமாக வைத்ததுபோல. மழைக்காலம். கிணறு பாதிக்கு மேல் நிறைந்து கிடந்தது. முங்கத் தெரிந்த ஆட்கள் இறங்கினார்கள். கலங்கலில் ஒன்றும் தென்படவில்லை, கைக்கும் தட்டுப்படவில்லை. தானாக மேலே வந்துவிடும், பொறுங்கள் என்றார்கள். வரவில்லை. பாறை இடுக்கில் செருகியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். தண்ணீர் தெளிந்த பிறகு கண்ணாடி அடித்துப் பாருங்கள் என்று சொன்னதும் அவர்தான். குடமோ வாளியோ கிணற்றில் விழுந்தால், கொக்கிகள் தொங்கும் பாதாளக்கரண்டியை எங்கே விடுவது என்று தெரிய, கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பிப் பார்ப்பது ஊரில் வழக்கம்தான். மதினி யாரையும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய், தனக்குச் சீராக வந்த சுவர்க் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் அந்த வெளிச்சம் முதன்முதலாக இறங்குவதைப் பார்த்தேன். அடிமணல் தெரிந்தது. பாறை தெரிந்தது. சின்னவள் இல்லை. அண்ணன் மனம் ஆறாமல் இரண்டு ஆயில் இன்ஜினை வைத்துக் கிணற்றையே இறைத்துப் பார்த்தார். சேறும், எப்போதோ விழுந்த ஒரு வாளியும்தான் வந்தன.

அதற்குப் பிறகு ஊர் வேறு மாதிரி பேசத் தொடங்கியது. பெண் எங்கேயோ போய்விட்டாள், எவனோடோ போய்விட்டாள் என்றார்கள். அண்ணனுக்குக்கூட அது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது. போடி பஜாரிலும் கம்பத்திலும் விசாரித்தார். ஸ்டேஷனிலும் சொல்லி வைத்தார். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. மதினி மட்டும் ஒரே வார்த்தையில் நின்றார்.

"நான் சொன்னேன். அவ செஞ்சுட்டா. இந்தக் கெணத்துல இல்லன்னா வேற கெணத்துல இருப்பா."

இப்படித்தான் மதினி கிணறு கிணறாகப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் எங்கள் ஊர்த் தோட்டங்கள், பிறகு பக்கத்து ஊர்கள். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் போனேன். கண்ணாடியைப் போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு நான் தள்ள, மதினி கூடவே நடந்து வருவார். நான் ஏன் போனேன் என்று என் மனைவி பிற்பாடு ஒரு தடவை கேட்டாள். மதினிக்குத் துணையாக என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. என்னைக் கட்டிக்கொள்வதைவிடக் கிணறே மேல் என்று ஒரு பெண் நினைத்திருந்தால், அந்தக் கிணற்றை நானும் பார்த்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது.

கண்ணாடி பிடிப்பது லேசான வேலை இல்லை. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சம் அதைப்போல இரண்டு மடங்கு திரும்பிவிடும். மேலே விரல் அசைந்தால் கீழே அது ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவிவிடும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற கவனத்தோடு செய்ய வேண்டும். தென்னை நிழலில் இருக்கிற கிணறுகளுக்கு ஒரு கண்ணாடி போதாது, நிழலில் எங்கிருந்து வெயில் வரும்? நான் இன்னொரு கண்ணாடி வாங்கினேன். வெயில் உள்ள இடத்தில் நான் நின்று என் கண்ணாடியால் வெளிச்சத்தை மதினியின் கண்ணாடிக்கு அனுப்புவேன். அவர் அதை வாங்கிக் கிணற்றுக்குள் இறக்குவார். விழுகிற கோணமும் திரும்புகிற கோணமும் சமம் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவது என் பிழைப்பு. அந்தக் கோடுகளில் ஒன்றின் நுனியில் மதினி முழங்காலிட்டிருப்பார். வெளிச்சம் அவர் முகத்தில் தவறி விழுந்துவிடுகிற சமயங்களில் அவர் கண்ணை மூட மாட்டார். "கொஞ்சம் கீழ, தம்பி" என்று மட்டும் சொல்வார்.

சித்திரை மாதத்து உச்சிவேளைகளில் எங்கள் வேலையைச் சூரியனே செய்துவிடும். நேர் மேலே வந்து நின்று கிணற்றின் அடிவரைக்கும் எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் மதினி கண்ணாடி இல்லாமலே புறப்பட்டுவிடுவார். வெறும் கையோடு கிணற்றோரங்களில் நின்ற அவரைப் பார்த்துத்தான் ஊர் பயந்தது. குடம் விழுந்தால், சங்கிலி விழுந்தால் ஆள் விட்டு அனுப்பி வரச் சொல்வார்கள். அவர் போய் வெளிச்சம் இறக்கி, கிடக்கிற இடத்தைக் காட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது மிச்சம் இருக்கிற மூலைகளையும் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் கண்ணாடியைத் திருப்புவார். ஆனால் கூப்பிடாமல் அவர் ஒரு தோட்டத்துக்கு வந்தால், அந்த வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று பேச்சு. வயசுப் பெண்களைத் தண்ணீருக்கு அனுப்ப மாட்டார்கள். இதெல்லாம் மதினிக்குத் தெரியும். அண்ணனும் சொல்லிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

கலங்காத தண்ணீரில் குனிந்தால் முதலில் தெரிவது அடித்தளம் இல்லை. நம் முகம்தான். தண்ணீருக்கு எவ்வளவு உயரத்தில் நாம் இருக்கிறோமோ, அவ்வளவு ஆழத்தில் அது தெரியும். ஆழக் கிணறாக இருந்தால், அடியையும் தாண்டிய ஒரு பாதாளத்திலிருந்து யாரோ அண்ணாந்து நம்மைப் பார்ப்பதுபோல இருக்கும். சுற்றிலும் வானம். நடுவில் இருட்டாக ஒரு தலை. கண்ணாடி வெளிச்சம் உள்ளே இறங்கி அடிமணல் துலங்கியதும் அந்த முகம் மங்கிப் போகும். மதினி குனிகிறபோது கீழே தெரிந்தது சின்னவளின் முகமும்தான். ஒரே அச்சு என்று சொன்னேன் அல்லவா. இதை நினைத்து எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம் இருந்தது. ஒருநாள் திரும்பி வரும் வழியில், கீழே தெரிவது நம் முகம்தான் மதினி, நம் மேல் பட்ட வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் திரும்புகிறது, வேறொன்றும் இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மதினி நடந்தபடியே சொன்னார்.

"என் மொகந்தான்னு தெரியாமயா இருக்கும், தம்பி. ஆனா நான் தலையை எடுத்தப்பெறகும் அது ஒரு கணம் நிக்கிது. அப்புறந்தான் போகுது."

அந்த வருஷம் வகுப்பில் சமதள ஆடி பாடம் வந்தபோது, ஆடிக்குப் பின்னால் தெரிவது மாயபிம்பம், அங்கிருந்து வெளிச்சம் வருவதுபோலத் தோன்றுமே தவிர வருவதில்லை, அதைத் திரையில் பிடிக்க முடியாது என்று எழுதிப் போட்டேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, அப்ப அங்கன ஒண்ணுமே இல்லையா சார் என்று கேட்டது. இல்லை என்று சொல்லிவிட்டு, போட்ட கோடுகளை அழித்தேன்.

வடுகபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏதோ இரும்புச் சாமான் கிணற்றில் விழுந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்த வெளிச்சம் ஒரு இடத்தில் நின்றது. பாறைக்கடியில் ஒரு சேலைத் துணி அசைந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு கை. தோட்டக்காரர் சத்தம் போட்டுக்கொண்டு ஊருக்கு ஓடினார். மதினியின் கண்ணாடி ஆடவில்லை. முகம் தெரியவில்லை, ஆனால் வளையலைப் பார்த்ததுமே இது நம்மவள் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரோ, வேறு ஒரு வீட்டின் பெண். ஆட்கள் கயிற்றோடு வருவதற்கு நேரமாயிற்று. வெயில் நகர நகர மதினியும் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, வெளிச்சத்தை அந்தப் பெண்ணின் மேலேயே வைத்திருந்தார். கை வலிக்கும், வைத்துவிடுங்கள் என்றேன்.

"வேணாம். இம்புட்டு நாளு இருட்டுல கெடந்திருக்கா. தூக்குற வரைக்கும் வெளிச்சத்துல இருக்கட்டும்."

அன்று வீடு திரும்பிய மதினி படுத்துவிட்டார். காய்ச்சல் விட்டதும் மறுபடி கிணறுகளுக்குப் போனார். அதற்கிடையில் எனக்குச் சின்னமனூரில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிந்தது. பெண் பார்க்க முன்னால் நின்றதும் மதினிதான். என் மனைவியிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. குழம்பில் உப்பு அதிகமாக இருந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். கோபம் வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். மாட்டைக்கூட ஏசாமல் ஓட்டினார். இப்படியே எட்டு, ஒன்பது வருஷம் ஓடியது.

சின்னவள் உயிரோடு இருந்து திரும்பி வந்த கதை எங்களுக்குப் பிற்பாடுதான் விவரமாகத் தெரிந்தது. ஆனாலும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவள் மனதில் ஒருவன் இருந்தான். போடி பஜாரில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுகிற பையன். வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். திராட்சை கொண்டுபோன நாட்களில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அதை எங்களிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அன்றைக்குக் குடத்தோடு தோட்டத்துக்கு வந்தவள், குடத்தை விளிம்பில் வைத்துவிட்டு, வாய்க்கால் கரையோடு நடந்து ரோட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே அவன் காத்திருந்தான். குமுளி வழியாக மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் வேலை கிடைத்து, அங்கேயே கோயிலில் மணம் முடித்துக் குடும்பமாகிவிட்டார்கள். தேடி வந்து வெட்டுவார்கள் என்ற பயத்தில் தகவலே சொல்லவில்லை. தான் ஓடிப்போனதாக நாங்கள் நினைத்துத் தலைமுழுகியிருப்போம் என்றே இருந்திருக்கிறாள். குடத்தை ஏன் அங்கே வைத்தாய் என்று அண்ணன் கேட்டபோது, "வெண்கலக் கொடம் மாமா. ரோட்டுல போட்டா யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாக. இங்கன இருந்தா அக்கா கைக்குக் கெடைக்கும்னு வச்சேன்" என்றாள்.

கீழேயிருந்து ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள்தான் அவளிடம் மதினியைப் பற்றிச் சொன்னது. யாரென்று தெரியாமலே சொல்லியிருக்கிறார்கள். அனுமந்தன்பட்டியில் ஒரு பொம்பளை கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊர்க் கிணறெல்லாம் தங்கச்சியைத் தேடுகிறது என்று, காய் எடுத்தபடி பேசிய பேச்சு. கேட்ட அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வெட்டினால் வெட்டட்டும் என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பிறகு அவள் வருஷம் தவறாமல் வந்து போனாள். அவள் கணவனும் வந்தான், அண்ணன் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என்னிடம் ஒருநாள் தனியாக, "உங்க மேல ஒரு கொறையும் இல்ல மச்சான்" என்று சொன்னாள். அது எனக்குத் தேவையாக இருந்தது. மதினி அதற்குப் பிறகு ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடியை மறுபடி சுவரில் மாட்டவும் விடவில்லை. என்றாலும் சின்னவள் வந்து தங்குகிற நாட்களில் மதினி தூங்காமல் கிடப்பார், எழுந்து போய் அவள் படுத்திருக்கிற இடத்தில் நின்றுவிட்டு வருவார் என்று என் மனைவி சொல்வாள். மதினி காலமாகி இப்போது வருஷங்களாகிவிட்டன. அவருக்கு எது திரும்பக் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை. சின்னவள் வந்து நின்ற அந்த மத்தியானத்தை வைத்துத்தான் யோசித்துப் பார்க்கிறேன்.

நல்ல கோடை. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. மதினி முற்றத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஏதோ வேலையாக இருந்தேன். "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு பெண், பக்கத்தில் ஆறேழு வயதுப் பெண்குழந்தை. பஸ் புழுதி இரண்டு பேர் மேலும் படிந்திருந்தது. மதினி அவளை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை, ஓடவில்லை. கையிலிருந்த புளியை முறத்தில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து போனார். இவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. கிட்டப் போய் அவள் தலையில் கை வைத்தார். உச்சியிலிருந்து பின்னல் நுனி வரைக்கும் தடவினார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, கண்ணை அவளிடமிருந்து எடுக்காமலே என்னிடம் சொன்னார்.

"தம்பி, துண்டு எடுத்துட்டு வாங்க. பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்."

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். மதினி சின்னவளை முற்றத்தில் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, ஒவ்வொரு கற்றையாக எடுத்துத் துவட்ட ஆரம்பித்தார். வறண்ட முடி. புழுதிதான் பறந்தது. அண்ணன் தோட்டத்திலிருந்து வந்து படலைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் குழந்தை எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தது. மலைப் பேச்சும் நம் பேச்சும் கலந்த மொழியில், "அம்மே, தல நனையலயே. எந்தினா தொவட்டுறாக?" என்று கேட்டது.

சின்னவள் தலையைக் குனிந்து அக்காவுக்குத் தோதாகக் கொடுத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சும்மா இரு. நனஞ்சுதான் இருக்கு."

மதினி துவட்டிக்கொண்டே இருந்தார்.